பணி நேரத்தில் உறங்கியது தொடர்பாக

சூசைராஜின் வலது கண்ணுக்குள் கல்சில்லு ஏறியபோது அவனுக்கு வலிக்கவில்லை. வலி பிறகுதான் வந்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் பாறையில் துளை போடுகிற வேலை அவனுக்கு. துளை போடுகிறவர்கள் கண்ணாடி அணிய வேண்டும் என்று குவாரி வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். போர்டுதான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வைக்கவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். கூட வந்த செபமாலையிடம் சொன்னார்:

"சில்லு உள்ள போயிருச்சும்மா. அத எடுக்குற மெஷின் இங்க இல்ல. மதுரைக்குக் கூட்டிப் போயிருங்க. நலக் கார்டு இருந்தா அங்க ஒரு பைசா கேக்க மாட்டாங்க. இந்த வாரத்துக்குள்ள போனா பார்வை நிக்கும். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல."

செபமாலை அவன் பெண்டாட்டி. அதே குவாரியில் ஜல்லி அள்ளுகிறவள். மறுநாள் விடிந்ததும் புருசனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள்.

கார்டு தருகிற இடத்துக்குக் கல்லுடைப்போர் நலத் தனி அலுவலகம் என்று பெயர். ராஜா காலத்தில் அது குதிரை லாயமாக இருந்தது என்பார்கள். குதிரை நின்றுகொண்டே தூங்கும். கட்டடத்தின் குணம் அப்படியே இருந்தது.

கார்டு வாங்குவது பெரிய வித்தை இல்லை. புருசன் பெண்டாட்டி இருவரின் ரேகையையும் ஒரு சின்னக் கருவியில் பதிய வேண்டும். மடிக்கணினி வழியாக அது சென்னையில் இருக்கிற சர்வருக்குப் போகும். சர்வர் சரி என்றால் பக்கத்து மெஷினில் கார்டு வந்து விழும். அலுவலகத்தில் எல்லா மேசையிலும் மடிக்கணினி இருந்தாலும், ரேகைக் கருவி ஒன்றுதான். அது உதவியாளர் பிரகதீஸ்வரியின் மடிக்கணினியோடு மட்டும்தான் பேசும்.

"அக்கா, கட்டவெரல நல்லா அழுத்தி வைங்க. ரேகையே காணோமே."

"இருந்துச்சு தாயி. எல்லாம் ஜல்லியோட போயி ரோட்டுல கெடக்கு."

பிரகதீஸ்வரி சிரித்துவிட்டாள். ஈரத் துணியால் விரலைத் துடைத்து, திருப்பி வைத்து, புரட்டி வைத்து, ஒருவழியாக ரேகை ஏறியது. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்து, பாதியைத் தாண்டியது. அப்போது கூடத்தின் கோடியில் ஒரு கதவு கிரீச்சிட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். படபடவென்று மடிக்கணினி மூடிகள் விழுந்தன. பிரகதீஸ்வரியும் மூடியை இறக்கிவிட்டு நின்றாள். தனி அலுவலர் ஆவுடையப்பன் யாரையும் பார்க்காமல் கூடத்தின் குறுக்கே நடந்து, மறுகோடியில் இருந்த கழிப்பறைக்குள் போனார்.

மூடியைத் தூக்கினாள். பச்சைக் கோடு இல்லை.

"போச்சு. முதல்லருந்து வைங்கக்கா."

"ஏன் தாயி?"

"மூடுனா இது தூங்கிரும். தூங்கி எந்திரிச்சா சர்வரு யாரு நீங்குது."

திரும்பவும் ரேகை ஏற்றினார்கள். திரும்பவும் கோடு ஊர்ந்தது. ஆவுடையப்பன் கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தார்.

இந்த வழக்கம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில், மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரிய மனுசன் எதிரே வந்தால் இறக்கிவிடுவார்கள். ஆவுடையப்பன் பொறுப்பேற்ற அன்று கூடத்தில் நடந்து வந்தபோது ஊழியர்கள் மரியாதையாக எழுந்தார்கள். மடிக்கணினிகள் மட்டும் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றன. வரிசையாகப் பத்துப் பேர் தொடை தெரிய வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பதாக அவருக்குப் பட்டது. அன்று சாயங்காலமே சுற்றறிக்கை வந்தது: 'அலுவலர் கூடத்தினுள் வரும்போது பணியாளர்கள் எழுந்து நிற்பதோடு, தத்தம் மடிக்கணினிகளின் மூடிகளையும் இறக்கிவிட வேண்டும்.' இறக்க மறந்த ஒருத்தரைக் கடலோரக் கோடியில் இருக்கிற கோட்டைப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பிறகு யாரும் மறக்கவில்லை.

ஆவுடையப்பனுக்குச் சர்க்கரை இல்லாமல் இருந்திருந்தால் இதனால் பெரிய நட்டம் வந்திருக்காது. சர்க்கரைக்காரர் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். அவருடைய அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை உண்டு. அதில் பழைய கோப்புகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். ஆகவே போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் அலுவலகமே எழுந்து நின்று தூங்கியது.

மத்தியானத்துக்குள் செபமாலையின் ரேகை எத்தனையோ முறை பாதி வழி போய்த் திரும்பியது. சூசைராஜ் கழிப்பறைக்கு எதிரே கிடந்த பெஞ்சில், கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"வலிக்குதாங்க?"

"வலிச்சாத்தான் என்ன, அதுக்கும் ரேக வைக்கச் சொல்லுவாக. நீ போயி வேலயப் பாரு."

கோடு இந்தத் தடவை முக்கால்வாசி ஊர்ந்துவிட்டது. கதவு கிரீச்சிட்டது. மூடிகள் விழுந்தன. செபமாலை பாறைக் குழிக்குள் நின்று மேலே இருக்கிறவனைக் கூப்பிட்டுப் பழகியவள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

"சார்! ஒரே ஒரு தடவ மூத்திரத்த அடக்கிக்கிட்டிங்கன்னா எம்புருசன் கண்ணு பொழச்சுரும் சார்!"

ஆவுடையப்பன் நின்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும். ஆகையால் அவர் எதையும் விதிப்படிதான் செய்வார்.

"என்னம்மா சொல்லுது இது?" என்று பிரகதீஸ்வரியைக் கேட்டார்.

"சார், மூடிய இறக்குனா லேப்டாப் தூங்கிருது சார். வேல பாதியில நின்னுருது."

"தூங்குதா?"

"ஆமா சார்."

"ஆபீஸ் டைம்லயா?"

"மூடுனா தூங்குறது அதோட செட்டிங்கு சார்..."

"அதெப்பிடிம்மா? நானும் இத்தன வருஷமா கண்ண மூடிக்கிட்டுத்தான் சர்வீஸ் பாக்குறேன். ஒரு நாளாச்சும் தூங்கிட்டேன்னு என்மேல கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கா?"

அன்று மாலை மடிக்கணினிக்குப் பதினேழு பி கொடுத்தார்கள்.

பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வேலைக்கே உலை வைக்கிற தாள் அது. 'பணி நேரத்தில், பொதுமக்கள் முன்னிலையில், பலமுறை உறங்கியது தொடர்பாக' என்று பொருள் எழுதி, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு, மூடியின் மேல் பசை தடவி ஒட்டினார்கள். மடிக்கணினி விளக்கம் தரவில்லை. விளக்கம் தராததே தனிக் குற்றம் என்பதால் மறுநாள் அதைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறவருக்கும் வயிறு உண்டு என்பதை அரசாங்கம் மறக்கவில்லை. பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக உண்டு. அதன்படி மடிக்கணினிக்குப் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றினார்கள். அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பதும் விதி. தலைமையிடம் என்று இரும்பு பீரோவைக் குறித்தார்கள். சர்வீஸ் கடையில் கொடுத்துப் பார்க்கலாமே என்று பிரகதீஸ்வரி கேட்டதற்கு, சஸ்பென்ஷனில் இருப்பவர் பீரோவைத் தாண்டினால் அது இன்னொரு பதினேழு பி என்று விளக்கினார்கள்.

செபமாலை மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள்.

"எங்க குவாரியில லாரி நின்னு போச்சுன்னா எல்லாருமாச் சேந்து தள்ளுவோம்," என்றாள் பிரகதீஸ்வரியிடம். "இங்கிட்டு என்ன தாயி, லாரியச் செயில்ல போடுறிய?"

"மெல்லப் பேசுங்கக்கா. நீங்கதான் சாட்சி. சாட்சி இப்பிடிப் பேசக் கூடாது."

விசாரணை அலுவலராகக் கண்காணிப்பாளர் நிலவழகனைப் போட்டிருந்தார்கள். விசாரணைகள் செய்தே தலை நரைத்தவர் அவர். சாதாரணமாக ஒரு விசாரணை ஆண்டுக்கணக்கில் ஓடும். குற்றவாளி மருத்துவ விடுப்புப் போடவில்லை, வக்கீல் வைக்கவில்லை, மந்திரியைப் பார்க்கவில்லை என்பதால் இது சீக்கிரம் தொடங்கியது. மடிக்கணினியைப் பீரோவிலிருந்து எடுத்து ஒரு நாற்காலியில் வைத்தார்கள். செபமாலையை எதிரே நிற்க வைத்தார்கள்.

"உறங்கியபோது குறட்டை விட்டதா?" என்று நிலவழகன் கேட்டார்.

"இல்லிங்கய்யா. ஓரத்துல ஒரு வெளக்கு மட்டும் மினுக் மினுக்குன்னு எரிஞ்சுச்சு."

"அரைத் தூக்கம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "எழுப்பியபோது உடனே எழுந்ததா? முரண்டு பிடித்ததா?"

"தட்டுனா எந்திரிச்சுருச்சு. இங்க உள்ள ஆளுகளுக்கு அது எவ்வளவோ தேவலங்கய்யா."

அந்தப் பதில் கோப்பில் ஏறவில்லை.

தற்காப்புத் தரப்பில் பிரகதீஸ்வரி பேசினாள். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று மடிக்கணினியே கேட்கிறது, அதற்கு நான்கு பதில் வைத்திருக்கிறது, நாம் மாற்றிச் சொன்னால் மாற்றிச் செய்யும் என்றாள். மாற்ற அலுவலரின் கடவுச்சொல் வேண்டும், இல்லாவிட்டால் தானே என்றைக்கோ மாற்றியிருப்பேன் என்பதை அவள் சொல்லவில்லை. ஆவுடையப்பன் வரவழைக்கப்பட்டார். எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலியில் இருந்த குற்றவாளியின் மூடியையும் மறக்காமல் இறக்கினார்கள். அது தூங்கியது. அவர் உட்கார்ந்த பிறகு எழுப்பினார்கள்.

கோப்பு தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதால், திரையில் இங்கிலீஷில் இருந்த நான்கு பதில்களையும் நிலவழகன் ஆட்சிமொழியில் பெயர்த்து வாசித்தார்.

"முதலாவது, உறங்கு."

"அதுதான் குற்றமே. அடுத்தது?"

"குளிர்கால நித்திரை."

"நம்ம மாவட்டத்துல குளிர்காலமே கெடையாதேய்யா. பொருந்தாது. அடுத்தது?"

"பணிநிறுத்தம்."

"ஐயையோ! சங்கத்துக்காரன் காதுல விழுந்துச்சுன்னா, ஆபீசரே ஸ்ட்ரைக்குக்கு ஆர்டர் போட்டாருன்னு போஸ்டர் ஒட்டிருவான். அடிச்சுரு. கடைசி?"

நிலவழகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஒன்றும் செய்யாதே."

கூடத்தில் எல்லோரும் யாரோ தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்தார்கள்.

"அதுதான் சார்!" என்றாள் பிரகதீஸ்வரி. "மூடுனா ஒன்னும் செய்யாதன்னு வச்சுட்டா, மூடி கீழ எறங்கி இருக்கும், உள்ள வேல பாட்டுக்கு நடக்கும். பாஸ்வேர்டு மட்டும் போட்டிங்கன்னா..."

ஆவுடையப்பன் குரலில் ஒரு கனிவு வந்தது.

"பிள்ள நல்லாத்தான் சொல்லுது. ஒன்றும் செய்யாதே. நான் வேலையில சேந்த அன்னைக்கு எங்க பெரியவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்த அது. அத வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன். ஒன்னு செஞ்சவன் எல்லாம் என்கொயரியில நிக்கிறான்; செய்யாதவன் புரமோஷன்ல நிக்கிறான். ஆனா அவர் அத எங்கிட்டக் காதோட காதாத்தான்மா சொன்னாரு. எழுத்துல குடுக்கல. எழுத்துல போட்டா நாளைக்கு ஆடிட்டுல கேப்பான். இன்னைக்குத்தான் ஆர்டர் வந்திருக்கு, அப்ப இத்தன வருஷமா எந்த ஆர்டர வச்சு ஒன்னும் செய்யாம இருந்தீங்கன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது.

தீர்ப்பு அன்றே வந்தது. குற்றம் நிரூபணமானது. முதல் முறை என்பதால் கருணையுடன், 'இனி மூடப்பட்டாலும் விழித்திருக்க வேண்டும்' என்று கண்டிப்பாக எச்சரித்து, மடிக்கணினியை மறுபடி பணியில் சேர்த்தார்கள். எச்சரிக்கையை மூடியில் ஒட்டினார்கள். முழு சார்ஜ் ஏற்ற அனுமதி கிடைத்தது.

டாக்டர் சொன்ன வாரத்தில் அன்றுதான் கடைசி நாள்.

"இப்ப வலியே இல்ல புள்ள," என்றான் சூசைராஜ். அவளைத் தேற்றத்தான் சொன்னான். செபமாலை பயந்தது அதற்குத்தான். பாறை சத்தம் போடுகிற வரைக்கும் பயமில்லை. சத்தம் நின்றால்தான் சரியப் போகிறது என்று விலகி ஓட வேண்டும்.

ரேகை ஏற்றினார்கள். கோடு ஊர்ந்தது. கதவு கிரீச்சிட்டது. மூடிகள் விழுந்தன. எச்சரிக்கப்பட்ட மடிக்கணினி, எச்சரிக்கையை முதுகில் சுமந்துகொண்டு தூங்கியது. ஆவுடையப்பன் கடந்து போய்க் கழிப்பறைக்குள் நுழைந்தார்.

"இன்னொருக்கா வைங்கக்கா. அவர் வெளிய வாரதுக்குள்ள முடியாது. ஆனாலும் வைப்போம்," என்றாள் பிரகதீஸ்வரி.

ரேகை ஏறியது. கோடு ஊரத் தொடங்கியது.

"கை பிசுபிசுன்னு இருக்கு தாயி. கழுவிட்டு வாரேன்," என்று செபமாலை எழுந்தாள்.

கழிப்பறைக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ஆடு நாய் புகுந்துவிடாமல் இருக்க எப்போதோ போட்டது, கட்டை விரல் தடிமன் இரும்பு. எல்லோரும் உட்கார்ந்து தங்கள் திரைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஜல்லி அள்ளிய கைக்குத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டில்லை. போட்டபோது சத்தமே வரவில்லை. பெஞ்சில் இருந்த சூசைராஜ் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது.

"யாருய்யா அது? தொறங்கய்யா!"

அலுவலர் குரல் கேட்டதும் கூடமே எழுந்து நின்றது. கைகள் மூடிகளுக்குப் போயின. பிரகதீஸ்வரியின் கையும் போனது. கோடு பாதி தாண்டியிருந்தது. அவள் கையை அப்படியே நிறுத்தி, நிலவழகனைப் பார்த்தாள்.

"சார், சார் வாராரா, இல்ல உள்ளதான் இருக்காரா?"

நிலவழகன் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். 'கூடத்தினுள் வரும்போது' என்றுதான் இருந்தது.

"கழிப்பறை கூடத்துல சேராது. அலுவலர் வரவும் இல்ல, வரத்தான் ஆசப்படுறாரு. ஆசைக்கெல்லாம் மூடிய இறக்க விதியில எடமில்ல."

கைகள் கீழே வந்தன. கோடு ஊர்ந்தது.

"யோவ் நிலவழகன்! கதவத் தொறய்யா!"

"சார், உள்ள அலுவலர் இருக்கையில ஒரு கீழ்நிலைப் பணியாளர் கழிப்பறைக் கதவத் தொறக்கலாமாங்குறதுல ஒரு சந்தேகம் இருக்கு சார்."

"நான்தான்யா சொல்றேன், தொற!"

"வாய்மொழி உத்தரவு செல்லாதுன்னு நீங்களே போன மாசம் சர்க்குலர் போட்டிருக்கீங்க சார்."

கதவுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் உள்ளே தள்ளப்பட்டன. உள்ளே சுவரில் வைத்து எழுதுகிற சத்தம் கேட்டது. தாள் வெளியே வந்தது. நிலவழகன் திருப்பிப் பார்த்தார்.

"சார், தேதி போட்டிருக்கீங்க, கையெழுத்து இருக்கு. முத்திரை இல்லையே."

"முத்திரை மேச டிராயர்ல இருக்கு! எடுத்துக் குத்திக்கய்யா!"

"டிராயர் பூட்டியிருக்கு சார். சாவி?"

"எம் பாக்கெட்ல இருக்கு!"

"சாவிய நேர்லதான் ஒப்படைக்கணும்னு விதி சார். அப்ப நீங்க வெளிய வந்துதான் குடுக்கணும்."

பிரகதீஸ்வரியின் மேசையில் மெஷின் உறுமியது. கார்டு சூடாக வந்து விழுந்தது. அடுத்து சூசைராஜின் ரேகை. பெஞ்சிலிருந்து அவனைக் கூட்டி வந்து அழுத்தினார்கள். அவனுக்கும் ரேகை இல்லை, இருந்தும் ஏறியது. இரண்டாவது கார்டு விழுந்தபோது உள்ளே தட்டுவது நின்று, கெஞ்சுவது ஆரம்பமாகியிருந்தது.

"போங்கக்கா," என்றாள் பிரகதீஸ்வரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேரா பஸ் ஸ்டாண்டு. திரும்பிப் பாக்காதிய."

மதுரையில் சில்லை எடுத்தார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. சில்லு வெளியே வந்தது, பார்வை வரவில்லை. "ரெண்டு மூணு நாளு முந்தி வந்திருக்கலாமேம்மா," என்றார் அங்கிருந்த டாக்டர். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் புதுக்கோட்டையில் இருந்தார்.

புதுக்கோட்டையில் விசாரணை மறுபடி தொடங்கியிருந்தது. அலுவலரைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டியது தொடர்பாக. மடிக்கணினியை மூடித் திறந்து பார்த்ததில் அது எதுவும் சொல்லவில்லை. ஊழியர்கள் எதையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. கழிப்பறைக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரே ஆளுக்குச் சம்மன் போனது.

சூசைராஜ் கைலியை இறக்கிவிட்டு நிலவழகன் முன்னால் நின்றான். வாசலில் செபமாலை நின்றாள்.

"பொய் சொல்லக் கூடாது. தாழ்ப்பாள் போட்டதை உன் கண்ணால் பார்த்தாயா, இல்லையா?"

சூசைராஜ் வலது கண்ணைத் தொட்டுக்கொண்டான்.

"எந்தக் கண்ணாலங்கய்யா கேக்குறிய?"

நிலவழகன் பேனாவை எடுத்தார், வைத்தார். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசியில் கோப்பைக் கட்டி ஓரமாக வைத்தார்.

"அதுக்கு மேலிடத்துல தெளிவுரை கேக்கணும்," என்றார்.